வேற்றுமொழிப் படமும் தமிழ் எழுத்தும்

(புது தில்லி சரோஜினி நகரில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



நமக்குத் தெரியாத மொழியில் எடுக்கப்பட்ட படங்கள் நம்மிடம் எப்படி வந்து சேர்கின்றன, வந்தவற்றை நாம் எப்படி ஏற்றுக்கொள்கிறோம் என்பதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். இலக்கியத்துக்கென்று ஏற்பட்ட மேடையில் சினிமாவா என்று தயங்காமல் அமைப்பாளர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

இதைப் பேசுவதற்குச் சரோஜினி நகர் மிகவும் பொருத்தமான இடம். விநய் நகர் என்ற பெயரில் மத்திய அரசு ஊழியர்களுக்காகக் கட்டிய குடியிருப்பு இது. தமிழ், வங்காளம், மலையாளம், பஞ்சாபி பேசும் குடும்பங்கள் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்கிய இடம். பக்கத்திலேயே சாணக்யபுரி. அங்குள்ள தூதரகங்கள் வழியாகத்தான் பல நாட்டுப் படங்கள் தில்லியின் திரைப்படச் சங்கங்களுக்கு வந்தன. 1970இல் திறந்து 2007இல் மூடிய சாணக்யா திரையரங்கில் ஹாலிவுட் படம் பார்க்க இந்தக் குவார்ட்டர்ஸ்களிலிருந்து பிள்ளைகள் நடந்தே போவார்கள். அந்தக் குவார்ட்டர்ஸ்கள் பலவற்றை இடித்துவிட்டார்கள், அடுக்குமாடிகள் எழுகின்றன. ஆனால் நான் பேசவிருக்கும் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். இந்தியாவில் வேற்றுமொழிப் படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவில் ஆங்கிலம் நிற்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவருக்கு நடிகரின் சொந்தக் குரலோடு, சப்டைட்டிலோடு படம் கிடைக்கிறது. தெரியாதவருக்கு டப்பிங் படம் கிடைக்கிறது. அதிலும் பெரும்பாலும் சண்டையும் வெடியும் ராட்சத மிருகமும் உள்ள படம். தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த ஒருவர் ஜப்பானியப் படத்தையோ ஈரானியப் படத்தையோ அதன் குரலைக் கேட்டபடி, தமிழ் எழுத்தில் படித்துப் புரிந்துகொள்வதற்கு, விதிவிலக்கான சில திரையிடல்களைத் தவிர, நம் திரையரங்குகளில் வழி ஏற்படவே இல்லை. மக்களுக்கு ரசனை இல்லை என்று சொல்லப்படுவதற்கெல்லாம் அடியில் இந்தக் குறைதான் கிடக்கிறது என்பது என் கருத்து.

1. திரையில் தமிழ் எழுத்து ஒரு காலத்தில் இருந்தது

ஆர். நடராஜ முதலியார் சென்னையில் ‘கீசக வதம்’ எடுத்தது 1917-18 வாக்கில். தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். மௌனப் படம் என்பதால் காட்சிகளுக்கு நடுவே எழுத்து அட்டைகள் வரும். அவை ஆங்கிலத்திலும் தமிழிலும் இந்தியிலும் இருந்தன. இந்தி வாசகங்களை எழுதியவர் காந்தியடிகளின் மகன் தேவதாஸ் காந்தி. அந்தக் காலத்து இந்தியப் படங்கள் பலவற்றில் இப்படி இரண்டு மூன்று மொழி எழுத்துகள் வரிசையாக நிற்கும். படிக்கத் தெரியாதவர்களுக்காக அரங்கில் ஒருவர் உரக்கப் படித்துச் சொல்வார். தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்து கதையை எடுத்துக்கொடுப்பதைக் கண்டு பழகிய கூட்டத்துக்கு அது அந்நியமாகப் பட்டிருக்காது.

1927இல் பிரிட்டிஷ் அரசு நியமித்த திரைப்பட விசாரணைக் குழுவுக்குத் தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். 353 சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை கொடுத்தார்கள். அன்று இந்தியாவில் ஓடிய படங்களில் பெரும்பகுதி அமெரிக்கப் படங்கள். அவற்றை இந்தியர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆள்வோருக்குக் கவலை. அந்தப் படங்கள் இந்திய மொழி எழுத்தோடு வந்தால் என்ன புரிந்துகொள்வார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுந்திருக்க வேண்டும். அரசுக்கு முக்கியமாகப் பட்டது பேரரசுக்குள் தயாரான படங்களுக்குச் சலுகை தரலாமா என்பதுதான். குழு அதை ஏற்கவில்லை என்பதை ரங்காச்சாரியாரின் பெருமையாகவே சொல்ல வேண்டும்.

1931 அக்டோபர் 31இல் சென்னை கினிமா சென்ட்ரலில் ‘காளிதாஸ்’ வெளியானது. முதல் தமிழ்ப் பேசும்படம் என்று அதைக் கொண்டாடுகிறோம். அதில் டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பேசினார். கூட்டம் அலைமோதியது. வேற்றுமொழி கேட்டால் தமிழர் எழுந்து போய்விடுவார்கள் என்ற பேச்சுக்கு நம் முதல் பேசும்படமே மறுப்பாக இருக்கிறது. ஆனால் அந்தப் பேசும்படத்தோடுதான் திரையிலிருந்து தமிழ் எழுத்து இறங்கிப் போயிற்று.

2. திரைப்பட விழாப் படங்களும் ‘அந்த நாள்’ படமும்

இந்திய மொழிகளுக்குள் டப்பிங் சீக்கிரமே வந்துவிட்டது. ஏவி. மெய்யப்பன் கன்னடத்தில் எடுத்த ‘ஹரிச்சந்திரா’வை 1944இல் தமிழ்க் குரல் கொடுத்து வெளியிட்டார், இந்தியாவின் முதல் டப்பிங் படம் என்று அதைத்தான் குறிப்பிடுவார்கள். வெளிநாட்டுப் படங்களுக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

1952இல் முதல் சர்வதேசத் திரைப்பட விழா பம்பாயில் தொடங்கியது. அங்கிருந்து சென்னைக்கும் தில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போயிற்று. தில்லியில் நேரு தொடங்கி வைத்தார். இத்தாலியின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ வந்தது. பம்பாயில் அதைப் பார்த்த பிமல் ராய் அடுத்த ஆண்டே ‘தோ பீகா ஜமீன்’ எடுத்தார். நம் பக்கத்தில் எஸ். பாலச்சந்தர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்தார். அதன் தூண்டுதலில் பிறந்ததுதான் 1954இல் ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’.

இந்தப் படத்தருகில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 1943 அக்டோபர் 11, ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாள். அந்தச் சூழலில் ரேடியோ இன்ஜினியர் ராஜன் சுடப்பட்டு இறந்து கிடக்கிறான். படம் தொடங்கியதுமே கதாநாயகன் பிணம். அந்தக் கதாநாயகன் சிவாஜி கணேசன். கொன்றது யார் என்று ஒவ்வொருவரும் தத்தம் பார்வையில் சொல்கிறார்கள். பாட்டு ஒன்றுகூட இல்லை. ஜப்பானியக் குண்டு விழுந்த நாளின் கதையைச் சொல்வதற்கு ஒரு ஜப்பானியப் படத்திலிருந்து உத்தி பெற்று, 11 ஆண்டுகளுக்குள் தமிழில் ஒரு தரமான படம் வந்துவிட்டது. வேற்றுமொழிப் படம் ஒரு மொழிக்குள் சென்று விதையாவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

முதல் வெளியீட்டில் மக்கள் அதைக் கொண்டாடவில்லை. பாட்டில்லாததைக் குறையாகச் சொன்னார்கள். சிவாஜி எடுத்த எடுப்பிலேயே சாவதைப் பலர் ஏற்கவில்லை. இதைக் காட்டி, தமிழ் ரசிகருக்கு உயர்ந்த படம் பிடிக்காது என்று முடிவுகட்டியவர்கள் உண்டு. நான் வேறு மாதிரி பார்க்கிறேன். பாலச்சந்தர் ‘ரஷோமோன்’ பார்த்திருந்தார். டிக்கெட் வாங்கியவர்கள் பார்க்கவில்லை. ஒரே சம்பவத்தை நான்கு விதமாகச் சொல்லலாம் என்ற கதைமுறையோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம் அவர்களுக்கு ஏற்பட வாய்ப்பே தரப்படவில்லை. படைப்பாளிக்கும் ரசிகருக்கும் நடுவில் ஒரு திரைப்பட விழா அனுமதிச்சீட்டும் ஆங்கில சப்டைட்டிலும் இடைவெளியாக இருந்தன.

பிறகு திரைப்படச் சங்கங்கள் வந்தன. 1957இல் மெட்ராஸ் ஃபிலிம் சொசைட்டி. 1959இல் சத்யஜித் ராய் தலைமையில் அகில இந்தியக் கூட்டமைப்பு. சென்னை, தில்லிச் சங்கங்கள் அதை நிறுவியவற்றுள் சேர்ந்தவை. அவை செய்த தொண்டு பெரியது. ஆனால் படத்தில் இருந்தது ஆங்கில எழுத்து, அறிமுகத் தாளும் பெரும்பாலும் ஆங்கிலம், படம் முடிந்தபின் விவாதமும் ஆங்கிலம். உறுப்பினராகச் சேர எந்தச் சட்டமும் யாரையும் தடுக்கவில்லை, மொழி தடுத்துவிட்டது.

3. ஞாயிறு மதியம் தூர்தர்ஷன்

1980களின் நடுவிலிருந்து ஞாயிறு மதியங்களில் தூர்தர்ஷன் தேசிய அலைவரிசையில் மாநில மொழிப் படங்கள் காட்டினார்கள். அஸ்ஸாமி, வங்காளி என்று மொழிகள் அகர வரிசையில் முறைபோட்டு வரும். விருது வாங்கிய படங்களாகவே பெரும்பாலும் இருக்கும். அடூர் கோபாலகிருஷ்ணனும் கிரீஷ் காசரவள்ளியும் மிருணாள் சென்னும் இந்தக் குடியிருப்பின் முன்னறைகளுக்குள் வந்தது அப்படித்தான். கட்டணமில்லாமல், நாடு முழுக்க ஒரே நேரத்தில், இன்னொரு மாநிலத்தின் படம். அந்த ஏற்பாட்டை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

கீழே ஓடிய எழுத்து மட்டும் ஆங்கிலம்.

என் அம்மா கும்பகோணத்துப் பக்கம். கல்கி, விகடன், மஞ்சரி எல்லாம் வரி விடாமல் படிப்பவர். ஆங்கிலம் தெரியாது, இந்தி காய்கறி வாங்குகிற அளவுக்கு. ஞாயிறு மதியம் சமையல் முடித்து ஈரக்கையைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு டி.வி. எதிரில் உட்காருவார். ஒரு வங்காளப் படம் ஓடுகிறது. ஒரு கிழவி சுவரில் சாய்ந்து ஏதோ சொல்கிறாள். “என்னடி சொல்றா?” என்பார். நான் கீழே உள்ள இரண்டு வரியைப் படித்து, எனக்குத் தெரிந்த தமிழில் சொல்வேன். சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துபோயிருக்கும். நீளமான பேச்சு என்றால் சுருக்கிவிடுவேன். காதல் காட்சி வந்தால் கூச்சப்பட்டு “ஒண்ணுமில்லம்மா” என்பேன். அம்மா அந்தப் படங்களில் பார்த்ததெல்லாம் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தியின் அரைகுறை ஆங்கிலத்துக்கு எட்டியவை. ஆனாலும் எழுந்து போகமாட்டார். மாடியில் இருந்த பஞ்சாபி மாமியும் சில வாரங்களில் வந்து உட்காருவார். அவருக்கு இந்தியில் சொல்ல வேண்டும். மௌனப்பட அரங்கில் உரக்கப் படித்தவரின் வேலையை அறுபது எழுபது ஆண்டு கழித்து எங்கள் வீடுகளில் பள்ளிப் பிள்ளைகளான நாங்கள் செய்துகொண்டிருந்தோம்.

என் அம்மாவுக்குப் படிக்கத் தெரியும், பார்க்க ஆசையும் இருந்தது. அவர் படிக்கும் எழுத்தில் இரண்டு வரி அந்தத் திரையில் வந்திருந்தால் போதும். செலவு அதிகம் என்று சொல்ல முடியாது. சென்னைத் தூர்தர்ஷன் தமிழ் வரிகள் சேர்த்து ஒளிபரப்பியிருக்கலாம். அந்த எண்ணம் யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

4. டப்பிங் யாருக்கு, எதற்கு

டப்பிங்கைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. தமிழ்ப் படம் தில்லிக்கு வேற்றுமொழிப் படம் என்பதை இங்கே வாழ்ந்தவர்கள் அறிவோம். பல ஆண்டுகள் நமக்குக் கிடைத்தது ஞாயிறு காலைக்காட்சி ஒன்றுதான். 1993இல் ‘ரோஜா’ இந்திக் குரலில் வந்தபோது நம் பக்கத்து வீட்டுக்காரர்கள் முதன்முறையாக நம் சினிமாவைப் பற்றி நம்மிடம் பேசினார்கள். 2021இல் தெலுங்குப் படம் ‘புஷ்பா’ வந்தபோது ஷ்ரேயஸ் தல்படேயின் குரலை அல்லு அர்ஜுனின் குரலாகவே இந்த ஊர் ஏற்றுக்கொண்டது. டப்பிங் செய்யும் நன்மை பெரியது.

1994இல் ‘ஜுராசிக் பார்க்’ இந்தி பேசியதிலிருந்து ஹாலிவுட்டுக்கு இந்தியாவில் புது வழி திறந்தது. 2002இல் ‘ஸ்பைடர்மேன்’ தமிழிலும் வந்தது. 2019இல் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ படத்துக்கு ஏ.ஆர். முருகதாஸ் தமிழ் வசனம் எழுதினார். அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். ரசிகர்கள் கோபப்பட்டார்கள். அவர்கள் கேட்டது, முந்தைய படங்களில் குரல் கொடுத்த டப்பிங் கலைஞரைத்தான். பெயர்கூடப் பலருக்குத் தெரியாத ஒரு கலைஞரின் குரலை அவர்கள் அந்தப் பாத்திரத்தின் சொந்தக் குரலாகக் கொண்டிருந்தார்கள். அதை மாற்றினால் ஆளே மாறிவிட்டதாக உணர்ந்தார்கள். பெரிய நட்சத்திரத்தை விடவும் பாத்திரத்தின் மேல் விசுவாசம். டப்பிங் படம் பார்ப்பவருக்கு நுட்பம் தெரியாது என்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எனக்குள்ள வருத்தம் எதை டப்பிங் செய்கிறோம் என்பதில்தான். வணிகக் கணக்கு அதற்கு ஒரு சல்லடை வைத்திருக்கிறது. பெரும் பொருட்செலவில் எடுத்த படம் உள்ளே வரும். ஒரு கிழவரும் கிழவியும் பிள்ளைகளைப் பார்க்க ஊருக்குப் போய்த் திரும்புகிற, ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ வராது. அந்தக் கதை காவிரிக்கரையில் எந்த வீட்டிலும் புரியும். 2014இல் புதுயுகம் தொலைக்காட்சி கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்தபோது வீட்டுப் பெண்கள் எவ்வளவு ஆர்வமாகப் பார்த்தார்கள்! குடும்பக் கதைக்கு மொழி எல்லை கிடையாது என்று அப்போதே தெரிந்தது. பிறகு நெட்ஃபிளிக்ஸ் 2021இல் ‘மணி ஹைஸ்ட்’ தொடரைத் தமிழில் கொடுத்தது. சல்லடைக் கண் கொஞ்சம் பெரிதாகியிருக்கிறது. கொள்ளையும் துப்பாக்கியும் இன்னும் முதலில் விழுகின்றன.

கொரியப் படம் ‘பாரசைட்’ நினைவிருக்கும். 2020 ஜனவரி 31இல் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது, ஆங்கில சப்டைட்டிலோடு. பிப்ரவரியில் ஆஸ்கர் வாங்கியது. உடனே, அது 1999இல் வந்த ‘மின்சார கண்ணா’ படத்தின் தழுவல் என்று தயாரிப்பாளர் பி.எல். தேனப்பன் புகார் எழுப்ப, தமிழ்நாடே விவாதித்தது. விவாதித்தவர்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கொரியப் படத்தைத் தங்களுக்குப் புரியும் எழுத்தில் பார்க்கும் வாய்ப்பு அன்று இல்லை. பார்க்காத படத்தைப் பற்றிய சண்டையாக அது முடிந்தது.

5. உரைநடையாக வந்த உலக சினிமா

தமிழில் ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது. உலக சினிமா நமக்குப் படமாக வருவதற்கு முன் உரைநடையாக வந்தது. ஒளிப்பதிவாளர் செழியன் ஆனந்த விகடனில் ‘உலக சினிமா’ தொடர் எழுதினார், எஸ். ராமகிருஷ்ணன் ஆண்டுக்கணக்காகப் படங்களைக் கதைபோல் சொல்லிவந்தார். அந்தப் பக்கங்களைக் கத்தரித்து வைத்துக்கொண்டு சென்னை பர்மா பஜாரில் டி.வி.டி. தேடிய இளைஞர்களை எனக்குத் தெரியும். இங்கே பாலிகா பஜாரிலும் அதே தேடல் நடந்தது. தஞ்சாவூரிலும் விருதுநகரிலும் இருந்த வாசகர்கள் பலர் மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ படத்தை முழுக்கத் தமிழில் வாசித்து, காணாமல் போன அந்தச் செருப்புக்காக அழுதபின்தான் படத்தைக் கண்ணால் பார்த்தார்கள். தமிழ்ச் சிறுபத்திரிகைகளும் வெகுஜன இதழ்களும் செய்த இந்தக் காரியத்துக்கு இந்திய மொழிகளில் ஈடு சொல்வது கடினம். பத்திரிகையில் படித்துவிட்டு டி.வி.டி. வாங்கி வந்து போட்டால், திரையில் மறுபடி ஆங்கிலம்.

6. “நம்ம ஜனங்க படிக்க மாட்டாங்க”

தமிழ் சப்டைட்டில் போடலாமே என்றால் விநியோகஸ்தர்கள் சொல்லும் பதில் இது.

எழுத்தறிவு குறைந்திருந்த 1951இல் இந்தப் பதிலுக்கு நியாயம் இருந்தது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 6.9 கோடி. ஸ்வீடனின் மக்கள்தொகை சுமார் 1 கோடி. அங்கே எந்த நாட்டுப் படம் ஓடினாலும் கீழே ஸ்வீடிஷ் எழுத்து ஓடும். சின்ன நாடு, டப்பிங் கட்டுப்படியாகாது, ஆகவே எழுத்து என்று முடிவெடுத்தார்கள், மக்கள் பழகிக்கொண்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். இலங்கைத் தொலைக்காட்சியில் தமிழ், இந்திப் படங்களுக்குச் சிங்கள எழுத்து போடுகிறார்கள். சிங்கள இளைஞர்கள் சம்பளம் வாங்காமல் ஆயிரக்கணக்கான உலகப் படங்களுக்குச் சிங்கள வரிகள் எழுதிக் குவித்திருக்கிறார்கள். நம்மைவிடச் சிறிய மொழிச் சமூகம் அது.

எல்லாவற்றிலும் எனக்கு உறைக்கிற உதாரணம் ‘முத்து’. 1998இல் டோக்கியோவின் ஷிபுயாவில் சினிமா ரைஸ் அரங்கில் 23 வாரம் ஓடியது. ரஜினிகாந்த் தமிழிலேயே பேசினார், கீழே ஜப்பானிய எழுத்து. பார்த்தவர்களுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தேவைப்படவில்லை. ஜப்பானியர் ரஜினியைத் தம் எழுத்தில் பார்த்துவிட்டார். தமிழர் இன்னும் குரோசாவாவைத் தம் எழுத்தில் பார்க்கவில்லை.

பிறமொழிக் குரல் கேட்டு உட்கார்ந்திருக்கத் தமிழர் எப்போதும் தயங்கியதில்லை. கே. பாலசந்தரின் தெலுங்குப் படம் ‘மரோ சரித்ரா’ சென்னை சஃபையரில் ஓராண்டுக்கு மேல் தெலுங்கிலேயே ஓடியது. 2015இல் ‘பிரேமம்’, 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ ஆகியவை டப்பிங் இல்லாமல் கொண்டாடப்பட்டன. தமிழர் மட்டும் இல்லை. இங்கே பக்கத்தில் ஹுமாயூன்பூர் சந்துகளில் கொரிய உணவுக் கடைகள் பார்த்திருப்பீர்கள். 2000இல் மணிப்பூரில் ஒரு தீவிரவாத இயக்கம் இந்திப் படங்களைத் தடை செய்ய, அந்த வெற்றிடத்தில் கொரியத் தொடர்கள் நுழைந்தன. மணிப்பூர்ப் பிள்ளைகள் படிக்கவும் வேலைக்கும் தில்லிக்கு வந்தபோது அந்த ரசனையும் கூட வந்தது. சப்டைட்டில் படித்துப் பழகிய தலைமுறை அது.

காது கேளாதவர்களை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. திரையரங்குகளில் அவர்களுக்கு வசன வரிகள் தர வேண்டும் என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. தமிழ்ப் படத்துக்கே தமிழ் எழுத்து வரப்போகிறது என்றால், அதற்காகத் தேர்ச்சி பெறும் கைகள் வேற்றுமொழிப் படத்துக்கும் எழுதலாம்.

7. நேராக மொழிபெயர்க்க வேண்டும்

தொழில்நுட்பமாகப் பார்த்தால் சப்டைட்டில் மிகக் கறாரான எழுத்து. இரண்டு வரி, வரிக்கு நாற்பது எழுத்து அளவு, திரையில் நிற்பது அதிகம் போனால் ஆறேழு நொடி. தமிழில் சொற்கள் நீளம். மேலும் கீழும் குறிகள் வருவதால் எழுத்து மிகச் சிறிதாக இருக்க முடியாது. எழுத்துத் தமிழில் போடுவதா, பேச்சுத் தமிழில் போடுவதா என்ற கேள்வியும் உண்டு. என் பரிந்துரை, எல்லோருக்கும் பொதுவான பேச்சுத் தமிழ். அது இடத்தையும் சேமிக்கும். அரசன் பேசும் சரித்திரப் படத்துக்கு வேண்டுமானால் எழுத்துத் தமிழ் பொருந்தலாம். படத்துக்குப் படம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

முக்கியமானது இன்னொன்று. ஆங்கில வரிகளை வைத்துக்கொண்டு அதிலிருந்து தமிழ் செய்யக் கூடாது. ஜப்பானியத்திலும் கொரியத்திலும் வினை வாக்கியத்தின் கடைசியில் வருகிறது, தமிழைப் போலவே. ஒரு கணவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேச்சைத் தொடங்கி, இழுத்து, கடைசிச் சொல்லில்தான் தான் ஊரை விட்டுப் போவதைச் சொல்கிறான் என்று வையுங்கள். மனைவியின் முகம் அந்தக் கடைசிச் சொல்லில் மாறுகிறது. இயக்குநர் அதற்காகத்தான் கேமராவை அவள் பக்கம் வைத்திருக்கிறார். ஆங்கில வாக்கியத்தில் போகிறான் என்பது முன்பாதியிலேயே வந்துவிடும். படிப்பவருக்குச் செய்தி முதலில் தெரிந்துவிடுகிறது, அவளுக்கு இன்னும் தெரியாது. தமிழில் எழுதினால் நடிகரின் வாயிலிருந்து வரும் அதே இடத்தில் அந்தச் சொல் வரும்.

மரியாதை வழக்கும் அப்படி. ‘பாரசைட்’ படத்தில் ஏழைக் குடும்பம் முதலாளி வீட்டில் ஒரு விதமாகவும் தங்களுக்குள் வேறு விதமாகவும் பேசுகிறது; கொரியத்தில் வினையின் முடிவே அதைக் காட்டிவிடும். ஆங்கிலத்தில் எல்லோரும் ஒரே தட்டில். தமிழில் நீ, நீங்கள், வாங்க, வாய்யா என்று அத்தனை படிக்கட்டும் இருக்கின்றன. கொரியத் தொடர்களில் வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்த இடத்தில் ஆங்கில வரி பெரும்பாலும் பெயரைப் போட்டுவிடுகிறது. நம் மொழியில் அப்படியே கிடைப்பதை, கிடைக்காத மொழியின் வழியாகச் சுற்றி வாங்குகிறோம். ஈரானியப் படத்துக்கும் துருக்கியப் படத்துக்கும் இந்த வாதத்தில் பெரும்பகுதி பொருந்தும்.

8. தில்லியில் தொடங்கலாம்

சென்னையைவிடத் தில்லியில் இதற்கு வசதி அதிகம் என்று நினைக்கிறேன். இங்கிருந்து சில கிலோமீட்டரில் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம். ஜப்பானியம், கொரியம், ஸ்பானியம், பாரசீகம் எல்லாம் கற்பிக்கிறார்கள். அதே வளாகத்தில் தமிழும் இருக்கிறது. லாஜ்பத் நகரில் ஜப்பான் ஃபவுண்டேஷனும் கொரியப் பண்பாட்டு மையமும் இருக்கின்றன. திரையிட அரங்கும், படத்தின் உரிமையாளரோடு பேச வழியும் இவர்களிடம் உண்டு. தமிழ் அமைப்புகள் இலக்கியக் கூட்டத்துக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பகுதி போதும். ஒரு படத்துக்கு மூலமொழி தெரிந்தவர் ஒருவர், நல்ல தமிழ் உரைநடை எழுதுபவர் ஒருவர், நேரம் குறித்து வரிகளை ஏற்றத் தெரிந்த இளைஞர் ஒருவர். மூவரும் சேர்ந்து உட்கார்ந்தால் மாதங்களில் முடிகிற வேலை. அவர்களுக்குக் கௌரவமான ஊதியம் கொடுக்க வேண்டும், பெயரைப் படத்தின் இறுதியில் போட வேண்டும்.

முதல் படமாக ‘ரஷோமோன்’ எடுத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. 88 நிமிடம், பேச்சு அதிகமில்லாத படம். அதைத் தமிழ் வரிகளோடு ஒரு மாலையும், ‘அந்த நாள்’ படத்தை மறுநாள் மாலையும் போடலாம். 1954இல் டிக்கெட் வாங்கியவர்களுக்குக் கிடைக்காத வரிசையில் இன்றைய பார்வையாளர் இரண்டையும் பார்க்கட்டும். ‘அந்த நாள்’ படத்துக்கு இந்தி வரிகள் எழுதித் தரவும் ஆள் தேட வேண்டும், மாடிவீட்டுக்காரர்களும் வருவார்கள்.

ஜப்பானியம் படிக்கும் தமிழ் மாணவர்கள் சிலர் இந்த அவையில் இருப்பதாக அமைப்பாளர்கள் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். ‘ரஷோமோன்’ படத்தின் முதல் காட்சியில் மழைக்கு ஒதுங்கி நிற்பவர்கள் ஒருவரோடொருவர் எந்த மரியாதையில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்கு உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.